எண்ணூருக்குப் போன பூஜை ரயில்

கொழும்பில் ரயில் கடலை உரசிக்கொண்டே ஓடுகிறது என்று அங்குள்ளவர்கள் பெருமை பேசும்போதெல்லாம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "உங்கள் ரயிலுக்கு யாராவது பொட்டு வைத்ததுண்டா?" என்பேன். முழிப்பார்கள். எங்கள் ராயபுரத்தில் ஆயுத பூஜையன்று எஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் பூசி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அந்த ஊரில் பிறந்தவன் நான் என்பதை இந்தக் கட்டுரையில் இன்னும் சில இடங்களில் சொல்லுவேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எனக்குக் கொழும்புத் துறைமுகத்துப் பக்கம் ஒரு தேயிலைக் கிடங்கில் மேஸ்திரி வேலை. ஊருக்கு வருவதென்றால் யாராவது பிறக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவை நல்ல காரியத்துக்கே வந்தேன். என் தங்கை தனத்தின் மகள் சரோஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், தாய்மாமன் இல்லாமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தனம் எழுதியிருந்தாள். தாய்மாமன் என்ற சொல்லைப் படித்ததும் நான் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பட்டணத்தில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தேன். ரிக்‌ஷாக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சார், சிலோனா?" என்றார்.

"எப்படித் தெரிந்தது?"

"பொட்டி கட்டிகீற தினுசே சொல்லுது. மெட்ராஸ்காரன் ஒரு பொட்டிக்கு இம்மாங்கயிறு சுத்த மாட்டான் சார்."

அவ்வளவு கயிறு சுற்றியும் பயனில்லை. ரயில்வே கேட் அருகே சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, பெட்டி தெருவில் விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளே இருந்த மாசிக் கருவாடு நாலாபுறமும் சிதறியது. பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற காசிமேட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்களுக்கே கருவாடு கொண்டாந்துகினு கீது பாருடி, கப்பல் ஏறி!" என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவள்தான் எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டும் கொடுத்தாள். கொழும்பில் பெட்டி விழுந்தால் சிரிக்கவும் மாட்டார்கள், பொறுக்கித் தரவும் மாட்டார்கள்.

தனம் குடியிருப்பது ரயில்வே லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வரிசை முழுவதற்கும் பொதுவாக வெளியே ஒரு குழாய். வீட்டில் அவளும் அவள் புருஷன் ஏழுமலையும், மகள் சரோஜாவும், ஏழுமலையின் அப்பா முனுசாமியும் இருக்கிறார்கள். மூத்த மகன் அவன் பெண்டாட்டி, மூன்று வயதுக் குழந்தை ராணியோடு அடுத்த வரிசையில் இருக்கிறான். நான்கு தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவர் வெளியே நின்றுதான் சாப்பிட வேண்டும். குழாயடியில் குடத்துச் சண்டை நடக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது எப்படி என்பதுதான் தனத்தின் கவலை. அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தாள்.

"வண்டியிலயே பொண்ணு பாக்கட்டும் அண்ணே. பூஜைக்கு எண்ணூர் வரிக்கும் வண்டி வுடறாங்கோ இல்ல? அதுல அவுங்களையும் ஏத்திகிறேன். பய்ய காலத்துப் பொட்டி, குஷன் சீட்டு, சன்னலுக்குப் பித்தளைப் புடி. எந்த மகராசன் வூட்ல இப்டி குஷன்ல குந்தவச்சிப் பொண்ணு காட்டுவாங்கோ?"

எனக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு மூளை எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு எங்கே இருக்கும்? ஆனால் அடுத்து அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவுங்க கைல உன் மச்சானை டிரைவர்னு சொல்லிகிறேன்."

ரயிலைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினில் முக்கியமாக இரண்டு பேர். கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறவர் டிரைவர். அவருக்குக் கைக்கடிகாரம், தொப்பி, மரியாதை எல்லாம் உண்டு. இன்னொருவர் அனலுக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்து அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். அவர் ஃபயர்மேன். என் மச்சான் ஏழுமலை இருபது வருஷமாக ஃபயர்மேன்.

"மச்சானுக்குத் தெரியுமா இது?" என்றேன்.

"தெரிஞ்சா வுடுவாரா? எஞ்சின் முன்னால கீது, நம்ம பொட்டி கடைசில. அவுரு வயி பூரா அங்கியே நிப்பாரு. தூரத்துலேர்ந்து பாக்கறவனுக்கு எவன் டிரைவரு, எவன் ஃபயர்மேனுன்னு எயுதியா ஒட்டிகீது?"

"நாளைக்குத் தெரியாமலா போகும் தனம்?"

"இதுக்கு முன்ன ரெண்டு எடத்துலேர்ந்து வந்து பாத்துட்டு, கரி அள்றவன் வூட்டுப் பொண்ணான்னு எயுந்து பூட்டாங்கோ அண்ணே. அன்னிக்கி சரோஜா அய்த அய்கைய நீ கொயும்புல கீறே, உனக்கு எங்க தெரியும்? தட்டு மாத்தற வரிக்கும் நீ வாயத் தொறக்காதே, அது போதும்."

அழுததைச் சொன்ன பிறகு நான் சரி என்று தலையாட்டினேன். சரோஜா கார்ப்பரேஷன் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். மாப்பிள்ளைப் பையன் தர்மராஜனை அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் வெல்லமண்டி வைத்திருக்கும் குடும்பம், எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. ஒருநாள் அந்த மண்டிக்கு வெல்லம் வாங்கப் போனவள் அவனைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டில் அடிக்கடி வெல்லம் தீர்ந்துபோயிற்று என்று தனம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் ஆயுத பூஜை. காலையில் எஞ்சின் ஷெட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஷெட்டிலேயே பழைய எஞ்சினைத்தான் பூஜை வண்டிக்குப் பூட்டுவார்கள். அதற்குக் கிழவி என்று பெயர். முனுசாமிப் பெரியவர் சின்னப் பையனாக வேலைக்குச் சேர்ந்தபோதே அதைத்தான் துடைத்தாராம். அன்று கிழவிக்கு நெற்றியில் சந்தனம், கழுத்தில் சம்பங்கி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நாகஸ்வரக்காரர் ஊதிய ஊதலில் எஞ்சினே வெட்கப்பட்டிருக்கும். டிரைவர் பெர்னாண்டஸ் ஆங்கிலோ இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்காரத் துரை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியைக் காட்டினார். குருக்கள் வைத்த குங்குமம் மூக்கு வரைக்கும் இறங்கியது.

ஆயுதங்களுக்குத்தானே பூஜை. சுத்தியல், ஸ்பானர், எண்ணெய்க் குவளை, கரி உடைக்கும் சம்மட்டி என்று ஷெட்டில் உள்ளதை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் படுக்க வைத்திருந்தார்கள். அப்படிப் படுத்துவிட்டால் மறுநாள் காலை தீபாராதனை முடியும்வரை தொடக்கூடாது. தொட்டவன் கைக்கு வருஷம் முழுக்கக் காயம்தான் என்று எங்கள் ஆட்கள் உயிரே போனாலும் தொடமாட்டார்கள். பூசணிக்காய் உடைந்தது. கிழவி ஒரு கூவு கூவினாள். ராயபுரம் ஸ்டேஷனின் பெரிய தூண்களுக்குப் பக்கத்திலிருந்து வண்டி புறப்பட்டது.

மாப்பிள்ளை வீட்டில் மூன்று பேர் வந்திருந்தார்கள். தர்மராஜன் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா அருணாசலம் தேவைக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசாதவர். அந்தப் பங்கையும் சேர்த்து அவன் அம்மா பொன்னம்மாள் பேசினார்.

"சீட்டு நல்லா மெத்துன்னு இருக்கே! எங்க ஊருப் பக்கம் ரயிலுன்னா பலகைதான், இறங்குததுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுரும்," என்றார். பிறகு முனுசாமிப் பெரியவரிடம் திரும்பி, "ஏன் பெரியவரே, மகன் வண்டி ஓட்ட, அப்பா உக்காந்து போறியளே, மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பெரியவர் வாயைத் திறந்தார். தனம் அந்த வாயில் ஒரு கைப்பிடி பொரியைப் போட்டாள். அவர் பல்லில்லாத வாயால் அதை மென்று முடிப்பதற்குள் கொருக்குப்பேட்டை தாண்டிவிட்டது. பொன்னம்மாள் விடவில்லை. எத்தனை வருஷமாக எஞ்சினில் இருக்கிறார் என்று கேட்டார். மறுபடி பொரி. தண்டையார்பேட்டை கேட்டில் வண்டிக்குக் கையாட்டிய கூட்டத்தைக் காட்டி நான் பேச்சை மாற்றினேன். திருவொற்றியூர் வருவதற்குள் பொரிப் பொட்டலத்தில் பாதி காலி. பெரியவர் என்னைப் பார்த்து, "இன்னாத்துக்குபா இவ என்னை இந்தப் போடு போடறா?" என்றார்.

சரோஜா பச்சைப் பட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை ராணி. தர்மராஜன் ராணியிடம் பேசுவதுபோல் அவளிடம் பேசினான். அவளும் ராணியிடம் சொல்வதுபோல் பதில் சொன்னாள். குழந்தைக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிப் புகைபோக்கி, பனைமரங்கள், அதற்கப்பால் நீலமாக ஒரு கோடு கடல். கொழும்புக் கடலைவிட எங்கள் கடல் அழகு என்று நான் பொன்னம்மாளிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

கத்திவாக்கத்துக்கு இந்தப் பக்கமே கிழவிக்கு மூச்சு இறங்கியது. வேகம் நடையளவுக்குக் குறைந்து, உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. பழைய பெட்டிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. அதனால் தலைகளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வந்தன. எஞ்சின் பக்கமிருந்து ஒருவர் தண்டவாளத்தை ஒட்டி ஓடிவந்து, ஒவ்வொரு பெட்டியாகக் கத்திக் கேட்பது காதில் விழுந்தது.

"தட்டு கீதா? பெரிய தட்டு எதுனா கீதா?"

"இன்னாத்துக்குபா?"

"கரி அள்ளணும்! ஷவலு பூஜைல கீது!"

வண்டி முழுக்கச் சிரிப்பு. கரி அள்ளும் ஷவலும் ஆயுதம்தானே. அதைக் கழுவிப் பொட்டு வைத்துப் படுக்கப் போட்டாயிற்று. மாற்று ஷவல் வண்டியில் இருக்கும் என்று மச்சான் நினைத்திருக்கிறார். அதையும் எவனோ பக்தி மேலிட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே படுக்க வைத்திருக்கிறான். ஷெட்டில் போட்ட நெருப்பு திருவொற்றியூர் வரைக்கும் தாங்கியிருக்கிறது. இனிமேல் அள்ளிப் போட்டால்தான் வண்டி நகரும். யாரிடமும் அடுக்குச் சட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது நடுப்பெட்டியிலிருந்து ஒரு குரல், "கடைசிப் பொட்டில பொண்ணு பாக்கறாங்கோபா, அங்க தாம்பாளம் கீது பாரு," என்று வழி சொன்னது.

தனத்தின் முகம் வெளுத்தது. எங்கள் பெட்டியின் கதவுக்குக் கீழே ஏழுமலை வந்து நின்றார். தலை முதல் கால் வரை கரி. நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. விருந்தாளிகளைப் பார்த்ததும் அந்தக் கரிக் கைகளைக் கூப்பி, "வாங்க, வாங்க. தப்பா நென்ச்சிக்காதீங்க, வேலைல கீறேன்," என்றார். பிறகு, "தனம், அந்தப் பெரிய தாம்பாளத்தைக் குடு. சீக்கிரம், பின்னால பாசஞ்சரு வந்துகினு கீது," என்று கை நீட்டினார்.

"இவுக ஆரு?" என்றார் பொன்னம்மாள்.

தனம் பொரிப் பொட்டலத்தைத் தேடினாள். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வாயிலிருந்த பொரியை விழுங்கி முடித்திருந்தார். "எம் மவன் ஏயுமல. இந்தக் கியவிக்கு ஃபயர்மேனு," என்றார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"டிரைவருன்னுல்லா சொன்னிய?" என்று பொன்னம்மாள் தனத்தைப் பார்த்தார்.

ஏழுமலைக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நீட்டிய கை தானாக இறங்கியது. நான் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். ஒரு மனிதனின் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

"இருவது வருசமா இந்தக் கை கரி அள்ளுது தனம்," என்றார். சத்தம் போடவில்லை. "அதுலதான் நீ துன்னே, நான் துன்னேன், இதுங்க படிச்சிதுங்க. அத்தச் சொல்ல உனக்கு வெக்கமா கீதா?"

தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். சரோஜா எழுந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். தாம்பாளத்திலிருந்த ஆரஞ்சையும் வெற்றிலையையும் பூவையும் அப்படியே இருக்கையில் கொட்டினாள். பொன்னம்மாளைப் பார்த்து, "எங்க நைனா ஃபயர்மேன்ங்க. டிரைவர்னு சொன்னது எனக்கும் இப்பத்தான் தெரியும். ஃபயர்மேன் பொண்ணு வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோச்சிக்க மாட்டேன்," என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே குதித்தாள். "வா நைனா, ஒரு தட்டுல நீ போட்டா, இன்னொரு தட்டுல நான் அள்ளித் தரேன்," என்று முறுக்குத் தட்டையும் எடுத்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்க ஓடினாள்.

அவளைத் தூக்கி வளர்த்தவன் நான்.

தர்மராஜன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கடைசியில் தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்தான். பிறகு அவனும் குதித்தான். "ஏலே, புதுச் சட்டைலே!" என்று பொன்னம்மாள் கத்தியது உப்பளத்துக் கொக்குகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். குழந்தையைத் தனத்திடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், என் உடம்புக்கு அது நடைதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேலை மும்முரமாக நடந்தது. தர்மராஜன் கரிக் குவியல்மேல் ஏறி நின்று கட்டிகளைக் கீழே உருட்டினான். சரோஜா வெறுங்கையால் வாரித் தட்டில் நிரப்பினாள். ஏழுமலை ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, தட்டை வாங்கி அடுப்பின் வாய்க்குள் வீசினார். வீசிய வேகத்தில் கரி போய் மூலையில் விழுந்தது, தட்டு கையிலேயே நின்றது. பெர்னாண்டஸ் துரை நீராவி அளக்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டே, "போடு மேன், நல்லாப் போடு! ஏறுது மேன்!" என்று குதித்தார். மற்றப் பெட்டிகளிலிருந்து இறங்கி வந்த ஜனம் ஒவ்வொரு தட்டுக்கும் ஓ போட்டது. அனல் எட்டடி தள்ளி நின்ற என் மீசையையே பொசுக்கியது. அந்த அனலுக்கு எதிரே என் தங்கை மகள் பட்டுப் புடவையில் நின்று கரி வாரினாள். இந்தக் குடும்பத்தில் பிறந்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று அப்போதே நினைத்தேன். கிழவி கூவினாள். ஜனம் விழுந்தடித்து ஏறியது.

எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டித் தோப்பில் இலை போட்டார்கள். புளியோதரை, சுண்டல், தயிர்ச்சாதம். பூஜை நாளில் கவுச்சி கூடாது என்பது தனத்தின் கட்டளை. பக்கத்துக் குடிசையில் இறால் வறுக்கும் வாசனைக்குக் கட்டளை போட யாரும் இல்லை. நான் மூக்கால் இறாலும் வாயால் சுண்டலும் சாப்பிட்டேன். அருணாசலம் அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்து, "சிலோன்ல கருப்பட்டி கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும், ஆனால் சுமார்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மௌனமானார். சம்பந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பொன்னம்மாள் மகனின் சட்டையையே பார்த்துக்கொண்டு தயிர்ச்சாதம் பிசைந்தார்.

ஏழுமலை சாப்பிட வரவில்லை. தனம் இலையில் கட்டி எஞ்சினுக்கே எடுத்துப்போனாள். சற்று நேரத்தில் அதே பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். "பேசக்கூட மாட்டேன்றாரு அண்ணே," என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் சாப்பிடவில்லை. சரோஜாவுக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய இரண்டு பேர் ஒரு சொல்லால் இப்படி ஆகிவிட்டார்களே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

திரும்பும் வழிக்கு ஒரு மண்வெட்டியாவது கிடைக்குமா என்று நான் உப்பளத்துக் குடிசைகளில் கேட்டுப் பார்த்தேன். ஓர் ஆள் வாசலில் நின்றபடியே கையை விரித்தான்.

"எங்க மம்பட்டி அல்லாம் பொட்டு வச்சிகினு படுத்துகினு கீதுபா. நாளைக்கி வா, தரேன்."

இதைத்தான் கொழும்பில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு சீமை முழுவதும் ஒரே நாளில் கருவிகளைத் தூங்க வைத்திருக்கிறது. ஆகவே மறுபடியும் தாம்பாளம்தான்.

வண்டி புறப்படும் நேரம். சரோஜாவின் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. நான் போகிறேன் என்று மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எஞ்சின் பக்கம் போனேன். எனக்கு முன்னால் தனம் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு, பெட்டியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது. அதோடு கம்பியைப் பிடித்து எஞ்சினில் ஏறினாள். கரிக்கு முன்னால் உட்கார்ந்து தாம்பாளத்தை மடியில் வைத்து நிரப்பத் தொடங்கினாள்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். அவள் மடியில் கரி படிவதைப் பார்த்தபடி நின்றார்.

"பொடவ கெட்டுப்பூடும்," என்றார் கடைசியில்.

"கெடட்டும்," என்றாள் அவள்.

தட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். பெர்னாண்டஸ் துரை தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்தது, முதல் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தேன். கண்ணில் கரித்தூள் விழுந்ததுதான் மிச்சம். திருவொற்றியூர்க் கோபுரத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வண்டி ஒரு இடத்திலும் தயங்கவில்லை, வரும்போது இருந்ததைவிட நன்றாகவே ஓடியது.

ராயபுரத்தில் இறங்கியதும் நான் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் இறங்கி நின்றிருந்தார்கள். தர்மராஜன் தலையிலும் சட்டையிலும் கரி. சரோஜா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றாள். எஞ்சின் பக்கமிருந்து தனம் வந்தாள். அரக்குப் பட்டு எது, கரி எது என்று தெரியவில்லை. அவளுக்குச் சற்றுப் பின்னால் ஏழுமலை வந்துகொண்டிருந்தார்.

பொன்னம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "என்ன சம்பந்தி, நீங்களும் இறங்கிட்டியளா?" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சம்பந்தி என்று சொல்லிவிட்டார். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். தர்மராஜன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இந்தப் பய சொல்லிட்டான், கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்னு. இவ பேசுன பேச்சு எனக்கும் புடிச்சுப்போச்சு," என்று பொன்னம்மாள் தொடர்ந்தார். பிறகு கிட்டே வந்து குரலைக் குறைத்தார். "ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. பத்திரிகையில மட்டும் டிரைவர்னே போட்டுக்கிடுவோம். மண்டித் தெருவுல நாலு பேரு படிப்பாக பாருங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

காலையில் தனம் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். இதற்காகத்தான் அத்தனை பொரியை வீணடித்தாள். ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும், சரோஜாவின் கல்யாணம் முடிந்த மாதிரி.

"ஃபயர்மேன்னு போடுங்க சம்பந்தி," என்றாள் தனம். அந்த பிளாட்பாரம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள். "ராயபுரம் ஷெட்டு, ஃபயர்மேன் ஏயுமல. அது போடாத பத்திரிகைல எம் பொண்ணு பேரையும் போட வேணாம். நானு ஒரு வாட்டி வாய் தவறிட்டேன். இன்னொரு வாட்டி மாட்டேன்."

பின்னால் ஏழுமலை நின்றுவிட்டார். பொன்னம்மாள் தனத்தையும் பார்த்தார், மகனின் கரிக் கைகளையும் பார்த்தார். பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று பார்த்தால் அருணாசலம்.

"பெரிய எழுத்துல போடுவோம்," என்றார். மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

அதற்குமேல் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. பெரியவர் மிச்சமிருந்த பொரியை எல்லோருக்கும் கொடுத்தார்.

ராயபுரம் ஸ்டேஷனில் கரி உடுப்புக்காரர்கள் தூண் வைத்த முன்வாசல் வழியாகப் போவதில்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவர்களாகவே ஷெட்டின் பின்வாசலைப் பழகிக்கொண்டார்கள். ஏழுமலையும் வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பினார். தனம் போய் அவர் கையைப் பிடித்தாள். பெண்டாட்டி புருஷனுக்குப் பத்தடி பின்னால் நடக்கிற ஊர் இது. இத்தனை ஜனத்துக்கு நடுவே, ரயில்வே அதிகாரிகள் பார்க்க, மண்டிக்காரர்கள் பார்க்க, மாமனார் பார்க்க, அவள் பிடித்த கையை விடவில்லை.

"இன்னாடி இது, ஜனம் பாக்குது," என்றார் அவர்.

"பாக்கட்டும்னுதான்," என்றாள்.

இரண்டு பேரும் கரியும் பட்டுமாக, ஒன்றாக, தூண்களுக்கு நடுவே நடந்து முன்வாசல் வழியாக வெளியே போனார்கள். எனக்குப் பக்கத்தில் மூட்டையோடு நின்ற போர்ட்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் தோளைத் தட்டிச் சொன்னேன், "போறது என் தங்கச்சி."